காலைத் தொட்ட பிள்ளைகள்

பினாயில் ஊற்றி வீடு துடைக்கும்போதெல்லாம், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட அந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை வார்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணம் உப்பளத்தில் நின்று நின்று புண்ணாகிப்போன காலோடு அப்பா அங்கே படுத்திருந்தார். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தோடு, பள்ளிக்கூடம் போகாமல் நான் அவர்கூடவே இருந்தேன்.

டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பழகும் ஆஸ்பத்திரி அது. தினமும் காலையில் ஷூ சத்தமும் வெள்ளைக் கோட்டுகளின் மொடமொடப்பும் கட்டில் கட்டிலாக நகர்ந்து வரும். பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டு அழுத்திப் பார்க்கும். காலைத் தொட்டவர்களை வாழ்த்தாமல் எப்படி விடுவது என்று அப்பா ஒவ்வொரு தலைக்கு மேலும் கையை உயர்த்தி, “நல்லா இரும்மா, நல்லா இருப்பா” என்பார்.

“டேய், ரெண்டு வாட்டி தொடுடா, பாஸாயிடுவ” என்று ஒருவன் கிசுகிசுக்க, எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அவர்கள் போனதும், “அப்படிச் சொல்லாதப்பா, சிரிக்கிறாங்க. புண்ணத்தான் பாக்குறாங்க” என்றேன். அப்பா காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கால் பிழைத்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஒரு மாணவி மட்டும் தனியாக வந்தாள். “இன்னைக்கு எனக்குப் பரீட்சைங்கய்யா” என்று குனிந்து, அப்பாவின் இரண்டு பாதங்களையும் தொட்டாள்.

அப்பாவின் கை எழவில்லை. புண் ஆறிய பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “இங்கதாம்மா, நல்லா அழுத்திப் பாத்துக்க” என்றார்.

அவள் குனிந்தபடியே காத்திருந்தாள். நான் ஈரம் காயாத தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.