விருந்தாளி எடுத்த இலை

எங்கள் வீட்டில் சாப்பிட்ட இலையை விருந்தாளி தொடக் கூடாது. போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடு, யார் யாரோ வருவார்கள். அவர்கள் கை கழுவ எழுந்ததும் இலையை நான்தான் எடுப்பேன். விருந்தாளியே எடுத்தால் வீட்டுக்கு அவமானம். இன்ன தெருக்காரர்கள் என்றால் மட்டும் அவர்களையே எடுக்க விடலாம் என்றும் ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மகள் உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்தபோது ஒரு தோழி கிடைத்தாள். பக்கத்துக் கிராமத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள்; அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். மகள் பழகுகிற வீடு எப்படிப்பட்டது என்று பார்க்காமல் எனக்கு மனம் நிலைகொள்ளாது. ஒருநாள் அவளோடு நானும் போனேன். ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெபம் சொல்வார்கள் என்று தெரியாமல் நான் ஒரு கவளத்தை வாயில் போட்டுவிட்டு விழித்தேன். அவர்கள் கவனிக்காததுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். சாப்பிட்டதும் அவரவர் தட்டை அவரவரே கழுவினார்கள், அந்த ஆசிரியரும்கூட. என் தட்டை மட்டும் தோழி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் மகளுக்கும் தலைவாழை இலை போட்டு, பாயசம் வரை வைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்தவள், தரையில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கி இலையில் போட்டு மடித்து, அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவர்கள் வீட்டுப் பழக்கம். இரண்டு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"இலைய எங்கன போடட்டும்மா?"

வை தாயி, நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை அன்று வரவில்லை. அவளுடைய தாத்தா காலத்தில் அவர்கள் எந்தத் தெருவில் இருந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, அவளாகவே எடுத்துவிட்டாள் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. கொல்லைக் கதவைக் கைகாட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தோழி இலையைப் போடும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவருகில் நின்ற என்னிடம் சொன்னாள்.

"அந்தப் புள்ளையவே எடுக்க வச்சுட்டீகளா மதினி? அதுவும் நல்லதுதான். பின்னால ஒரு பேச்சு வராது பாருங்க."

நான் மறுக்கவில்லை. குழாயடியில் நின்ற தோழி, கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினாள். எனக்குப் பின்னால் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தன் இலையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது தோழி, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவளை ஏன் எடுக்க விட்டாய் என்று சாயங்காலம் மகள் கேட்டபோது, அவர்கள் வழக்கம் அதுதானே, நீயும்தானே பார்த்தாய் என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவுக வீட்டுல ஒன் தட்ட அவதானம்மா வாங்குனா" என்றாள். அவ்வளவுதான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தோழி அதற்குப் பிறகு வரவே இல்லை. வெளியில் இருவரும் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது என்பது போன வாரம், மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்றுதான் தெரிந்தது. தோழிக்கென்று ஒன்றை நான் எடுத்து வைத்தேன். மகள் வேண்டாம் என்றாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று கேட்டாள். நானே அந்த வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பத்திரிகை முனைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"சரி, கூப்புடு. வந்தா, மாப்ள வீட்டு ஆளுககூட மொதப் பந்தியில உக்கார வைப்பியாம்மா?"

சம்பந்தி வீட்டார் யார் அந்தப் பெண் என்று விசாரித்தால் என்ன சொல்வது என்ற எண்ணம் ஓடியது. ஒரு நொடிதான் இருக்கும். வைப்பேன் என்று நான் சொன்னபோது அவள் அடுத்த பத்திரிகையைக் கையில் எடுத்திருந்தாள்.