சணப்புக்கு நான் சேர்த்த பெயர்கள்

துபாயில் அல் குசைஸில் குடியிருந்த காலத்தில், விவசாயச் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. விதை, உரம், சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வளைகுடா நாடுகளில் உள்ள பண்ணைகளுக்கு அனுப்புவோம். அதற்கான காகிதங்களைத் தயார் செய்வது என் பொறுப்பு.

கோயம்புத்தூரில் விவசாயப் பட்டம் வாங்கியவள் இங்கே உட்கார்ந்து இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறேனே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. அதை இன்வாய்ஸிலேயே தீர்த்துக்கொண்டேன். மற்றவர்கள் 'தக்காளி விதை' என்று எழுதி முடிக்கிற இடத்தில் நான் தாவரக் குடும்பம், ரகம், பயன், வேறு பெயர்கள் என்று நாலு வரி எழுதுவேன். எங்கள் மேனேஜர் மலையாளி. ஒருநாள் என் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், இது இன்வாய்ஸா, எக்ஸாம் பேப்பரா?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், சலாலாவிலிருந்து போன் வந்தது. ஓமானின் தெற்குக் கோடியில் இருக்கிற ஊர். தென்னையும் வாழையும் விளையும். அங்கே ஒரு வாழைப் பண்ணையின் சூப்பர்வைசர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர்.

"மேடம், வாழை எடுத்த நெலம் சும்மா கெடக்கு. மண்ணுல சத்தே இல்ல. நம்மூர்ல சணப்பு வெதச்சு மடக்கி உழுவோம்ல, அந்த வெதை கெடைக்குமா?"

வருடக்கணக்காகக் குழாய் இணைப்பும் பிளாஸ்டிக் தொட்டியும் கேட்டுக்கேட்டுப் புளித்துப்போன காதில் 'சணப்பு' என்று விழுந்ததும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. சணப்பு பசுந்தாள் உரச் செடி. அவரை, துவரைக்குச் சொந்தம். வளர்த்து, பூக்கிற சமயத்தில் நிலத்தோடு சேர்த்து உழுதுவிட்டால் மண்ணுக்குச் சத்து. அரை மணி நேரம் போனிலேயே வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், முப்பது மூட்டை அனுப்புங்க" என்றார்.

சணப்புக்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்'. இந்தியாவில் விதை விற்றவர் அதையும் அறிவியல் பெயரையும் எழுதி அனுப்பியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் பாடப்புத்தக ஞாபகத்தில், 'இந்தியன் ஹெம்ப், மெட்ராஸ் ஹெம்ப் என்றும் அழைக்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்தேன். துபாய்க் காகிதத்தில் மெட்ராஸ் வருகிறதே என்று சின்ன சந்தோஷம் வேறு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நார் எடுக்கிற செடி எதுவானாலும் ஹெம்ப் என்று கூப்பிடுவது வெள்ளைக்காரர்களின் பழைய பழக்கம். சணப்பு ஹெம்ப், புளிச்சை ஹெம்ப், ஒரு வகை வாழைநாரும் ஹெம்ப். இவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. ஆனால் 'இந்தியன் ஹெம்ப்' என்பது கஞ்சாவுக்கும் பெயர். அதையும் நான் படித்திருந்தேன். அது வேறு செமஸ்டர்.

காகிதத்தை அரபியில் மொழிபெயர்க்க டைப்பிங் கடைக்கு அனுப்பினோம். மொழிபெயர்த்தவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். இந்தியன் ஹெம்ப், 'கின்னப் ஹிந்தி' ஆகியிருந்தது. அரபியில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது சணப்பு இல்லை. மூன்றாம் நாள் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். 

"மேடம், கஸ்டம்ஸில் சரக்கு பிடிச்சு. நம்மள் எத்தற மூட்டை கஞ்சா வரவழைச்சுன்னு கேக்குது."

கஸ்டம்ஸ் அதிகாரி நடுவயதுக்காரர், வெள்ளைக் கந்தூரா அங்கியில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு டீ வரவழைத்தார். நான் அதைத் தொடவில்லை. விரலை என் வரியின் மேல் வைத்து, இது ஹெம்ப்பா இல்லையா என்று இந்தியில் கேட்டார்.

"மேடம், யே ஹெம்ப் ஹே, யா நஹீ ஹே?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமோ என்னவோ. எனக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாது.

"ஹெம்ப்தான் சார். ஆனா ஹெம்ப் இல்லை" என்றேன்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி டீயைக் கீழே வைத்தார். நான் தாவரக் குடும்பங்களின் வேறுபாட்டை, எனக்குத் தெரிந்த இந்தியில், கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இலை வேறு, பூ வேறு, காய் வேறு, காய் காய்ந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும் என்று சத்தமும் செய்து காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கஞ்சாவின் இலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்?"

விதையின் மாதிரி பரிசோதனைக்குப் போயிற்று. அதுவரை நான் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்ட மாதிரியே பயந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அக்கவுண்டன்ட். எதற்கும் பதறாத மனிதர் என்று அவரைப் பற்றி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் நேரே சமையலறைக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?"

"வூட்டுக்கு வந்து செக் பண்ணுனா?"

"அவங்க எதுக்குங்க இங்க வரப் போறாங்க?"

மேல் அலமாரியின் மூலையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நீட்டினார். ஊரிலிருந்து வந்த மசாலாச் சாமான்களோடு வந்தது. அடியில் ஒரு கைப்பிடி கசகசா. கசகசா அபின் செடியின் விதை, அதனால் எமிரேட்ஸில் தடை செய்யப்பட்ட பொருள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் எச்சரிக்கை சொல்வேன். பாட்டிலுக்குள் இருந்ததுதான் தெரியாது.

"பூ வேற, காய் வேறன்னு அங்க போயிப் பாடம் நடத்துனியே," என்றார். "இது என்ன குடும்பம்?"

கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டோம். கசகசா மிதந்தது. மறுபடி விட்டோம். மறுபடி மிதந்தது. வாசலில் வந்து நின்ற எங்கள் மகள், இரண்டாம் வகுப்பு, "அப்பா, வை ஆர் யூ ஃபீடிங் த டாய்லெட்?" என்று கேட்டாள். ஸ்கூலில் டீச்சரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்ல, ஏன் என்று அவள் கேட்க, அதை விளக்குவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

பயத்தை விரட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பது. கம்பெனி வியாபாரம் செய்கிற நாடுகளின் சட்டங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கெங்கோ தேடி எடுத்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. ஒன்றில் 'செடி' என்றால் வேர் முதல் விதை வரை எல்லாமும் செடி. இன்னொன்றில் பூவும் பிசினும் மட்டும் குற்றம். வேறொன்றில் நாருக்கு விலக்கு இருந்தது, ஆனால் நார் வருகிற தண்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. முளைக்காதபடி வறுத்த விதை ஒரு பக்கத்தில் தானியம், அடுத்த பக்கத்தில் போதைப்பொருள். மொழிபெயர்த்தவர் மாறியதால் வந்த வித்தியாசமா, சட்டமே அப்படித்தானா என்பதும் தெரியவில்லை. எங்கள் சணப்பு இவை எதிலும் இல்லை. அதன் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

கலர் பேனாவில் பெரிய அட்டவணை போட்டு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்கள் வக்கீலா?"

"இல்லை சார், விவசாயம்."

"அப்படியானால் விவசாயமே செய்வோம்" என்றார். "விதையைப் பார்த்து லேபில் முடிவு சொல்லவில்லை. விதைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. நாலு வருடம் படித்த படிப்பில் எனக்கு ஒரு விதையைப் பார்த்ததும் அட்டவணை போடத்தான் தோன்றியிருக்கிறது.

அரசு நாற்றங்கால் ஒன்றில் பத்து விதையைத் தொட்டியில் போட்டார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதி தந்தார்கள். என் பிள்ளை பரீட்சை எழுதுகிற ஹாலுக்கு வெளியே நிற்கிற மாதிரி வேலிக்கு வெளியே நிற்பேன். கஞ்சா மாதிரி விரல் விரலாகப் பிரியாத ஒடுக்கமான ஒற்றை இலைகள் விட்டு நெட்டையாக வளர்ந்தது. வேலை பார்த்த பங்களாதேஷ்காரர், என்னைக் கண்டதும் "ஆப்கா கஞ்சா டீக் ஹே", உங்கள் கஞ்சா நலம் என்று கைகாட்டுவார். ஒருநாள் மஞ்சளாகப் பூத்தது. அதிகாரியே வந்து பார்த்தார். ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்து, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம்.  அழுகை வந்தது எனக்கு. அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

சரக்கை விடுவித்துக் கடிதம் கொடுத்தார்கள். 'இது கின்னப் ஹிந்தி அல்ல' என்று அதில் தெளிவாக இருந்தது. முப்பது மூட்டையையும் லாரியில் ஏற்றி, அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தேன். எங்கே நிறுத்தினாலும் முதலில் இதைக் காட்டு என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் சொன்னபடி செய்தார். ஓமான் எல்லைச் சாவடியில், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அதை நீட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர் கடிதத்தில் முதலில் பார்த்த சொல் கின்னப். 'அல்ல' என்பதை அப்புறம்தான் பார்த்தாராம். பார்த்தபிறகும், கஞ்சா இல்லை என்று ஒரு விதை மூட்டைக்கு எதற்குக் கடிதம் என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். லாரி திரும்பி வந்தது.

அன்றைக்கு மேனேஜர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், இனி நான் சொல்லும், மேடம் எழுதும். அறிவியல் பெயர். பசுந்தாள் உர விதை. முப்பது மூட்டை. கலாஸ்."

"வேற பெயர்..."

"மாஃபி, கிடையாது."

"குடும்பமாவது..."

"மேடம், குடும்பம் வீட்டில் மதி, போதும்."

எழுதினேன். அரபியிலும் அவ்வளவுதான் வந்தது. அடுத்த வாரம் அதே லாரி, அதே டிரைவர், அதே சாவடி. உள்ளே என்ன என்று கேட்டார்களாம். விதை என்றாராம். போ என்றார்களாம். அந்தச் செய்தி வந்தபோது சந்தோஷத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. நான் எவ்வளவுக்கு எவ்வளவு எழுதாமல் இருக்கிறேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு கம்பெனிக்கு நல்லது என்று தெரிந்துகொண்டேன்.

சலாலாவில் விதைத்தார்கள். முளைத்தது, முழங்கால் அளவு வந்தது, இடுப்பளவு வந்தது என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை பாடுபடுத்திய பயிரை மஞ்சள் வெள்ளமாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஈத் விடுமுறை வந்ததும் கணவரையும் மகளையும் கிளப்பினேன். துபாயிலிருந்து சலாலாவுக்கு பஸ். பாதி வழிக்கு மேல் ஒன்றுமே இல்லாத பாலைவனம். மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கணவர் பிளாஸ்டிக் பை பிடித்தார். நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பண்ணை வாசலில் சூப்பர்வைசர் காத்திருந்தார். போனில் கேட்ட குரலைவிட வயது குறைவான மனிதர். எங்களை வாழைக்கு நடுவே அழைத்துப்போய் ஒரு வெட்டவெளியில் நிறுத்தினார். கறுத்த, ஈரமான, புரண்டு கிடந்த மண். ஓரங்களில் நசுங்கிய தண்டுகள்.

"சணப்பு எங்கேங்க?" என்றேன்.

"மண்ணுக்குள்ள இருக்கு மேடம். முந்தாநாள் பூ எடுத்துச்சு. நேத்து டிராக்டர் விட்டு மடக்கியாச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்தவராக, "பூத்த ஒடனே உழணும்ல மேடம்? விட்டா தண்டு முத்திப் போயிடும்ல?" என்றார்.

"ஆமாங்க. அதுதான் சரி" என்றேன். அதுதான் சரி. பசுந்தாள் உரத்தை யாரும் பார்ப்பதற்காக வளர்ப்பதில்லை.

கணவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். உள்ளே ஒரு பூ வாடாமல் இருந்தது. அதை என்னிடம் கொடுக்கப் போனவர், மகள் கேட்டாள் என்று அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் காதில் செருகிக்கொண்டாள்.

"நில்லு, போட்டோ எடுக்கறேன்" என்றார் கணவர். நான் வெறும் மண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். சூப்பர்வைசர் இளநீர் வெட்டப் போனார்.