நான் பார்க்காத மூன்று உடல்கள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் ஒரு நாளிதழின் நிருபர். என் செய்தி முதல் பக்கத்தில் வரவேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

புயலடித்த ஒரு நாள், பெரியதாழையிலிருந்து மூன்று பேரோடு மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. காணவில்லை என்று எழுதினால் உள்பக்கத்தில் நாலு வரிதான் வரும். துறைமுக டீக்கடையில் யாரோ, "திருச்செந்தூர்ப் பக்கம் மூணு பொணமும் ஒதுங்கிட்டாம்" என்றார். நேரில் போய்ப் பார்த்து வந்தால் தந்தி ஆபீஸ் மூடிவிடும். அவர் சொன்னதை அப்படியே தந்தியடித்தேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது.

மூன்றாம் நாள், கொழும்பிலிருந்து வந்த தோணி துறைமுகத்தில் ஓர் உடலை இறக்கியது. மூவரில் ஒருவர்.

"பலகையப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தான். இன்னைக்குக் காலைல தண்ணி குடுத்தோம், குடிச்சான். பெறவுதான் உசுரு போச்சு" என்றார் தோணியை ஓட்டிவந்த தண்டல்.

நான் குறிப்பேட்டை எடுத்ததும், சேதி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தார். அழவில்லை.

"பேப்பரப் பாத்துட்டுக் கோயில்ல துக்க மணி அடிச்சாவ. எங்க ஆளுவ எல்லாரும் பொணத்தத் தேடிக் கரை கரையா அலைஞ்சாவ. கடலுக்குள்ள ஒருத்தரும் போகல. அண்ணாச்சி, நீங்க அந்தப் பொணத்தப் பாத்தியளா?"

நான் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலையும் தந்தியடித்தேன். மீனவர் உடல் மீட்பு என்று நாலே வரி. அன்று காலை வரை அவர் உயிரோடு இருந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வரியை இப்போதுதான் எழுதுகிறேன்.