முழங்கால் உள்ளவரை ரன்னிங் பேக்

பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நம்மளைச் சாய்க்கக் காத்திருக்கிற பதினோரு தடியனுங்களுக்கு நடுவுல புகுந்து, அவனுங்க பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்ட ஓடணும். அமெரிக்கன் ஃபுட்பால்ல இந்த வேலைக்கு ரன்னிங் பேக்னு பேரு. நம்ம நாட்டுலயும் அதுக்கு ஒரு சின்ன லீக் இருக்குன்னு, எங்க ஊரு சிக்கல்ல கபடி ஆடிக்கிட்டிருந்த என்னைச் சம்பளம் பேசி மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதுகுவலி, முட்டிவலியோட வேலைக்குப் போய்வர்ற சகபாவிகளே, நம்ம கதையைக் கேளுங்க.

தொட்டேன், திரும்பினேன்

முதல் மேட்ச். எனக்கு முன்னால போய் ஆளுங்களை இடிச்சு வழி பண்றது தங்கச்சிமடத்து அந்தோணியோட வேலை. கடல்ல வலை இழுத்த உடம்பு. இடிச்சான், வழி கிடைச்சுது, புகுந்தேன். எதிர்ல வந்தவன் தோள்ல என் கை பட்டுச்சு. அவ்வளவுதான், கபடிப் புத்தி! தொட்டாச்சு, பாயிண்ட் எடுத்தாச்சுன்னு படக்குனு திரும்பி வந்த வழியே ஓடினேன். ஒருத்தனாலயும் பிடிக்க முடியல.

எங்க பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். பந்தோட சொந்தக் கோட்டைத் தாண்டினா எதிரணிக்கு ரெண்டு பாயிண்டாம். கோச் தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. அந்தோணி மூச்சு வாங்க வந்து கேட்டான்: "ஏலே மாப்ள, இம்புட்டு வேகமா ஓடி அவனுகளுக்குப் பாயிண்ட் வாங்கிக் குடுத்திருக்க, நீ எந்தப் பக்கம்டா?"

கம்பிக்குள்ள மாப்பிள்ளை

அப்புறம் ஒழுங்கா ஓடப் பழகிட்டேன். பேப்பர்ல படமெல்லாம் வந்துச்சு. எங்க அய்யாவுக்குப் பெருமை தாங்கல. கடலாடியில பொண்ணு பார்த்த வீட்டுக்கு அந்தப் படங்களையே அனுப்பிட்டாரு. எல்லாத்துலயும் நான் ஹெல்மெட்டுல, மூஞ்சிக்கு முன்னால கம்பியோட இருக்கேன். பொண்ணோட அம்மா ரொம்பப் பதனமா விசாரிச்சாங்களாம்: "தம்பி எப்ப வெளியில வருவாரு?"

டாக்டரும் மேனேஜரும்

பிராக்டிஸ்ல வலது முழங்கால் பிசகிருச்சு. இன்னொரு தடவை திரும்புனா ஓட்டத்தை மறந்துரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசி மேட்ச் ஆடலைன்னா அடுத்த வருஷம் இடமில்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்ச தொழில் ஓடுறது ஒண்ணுதான். பயந்துபோய் டாக்டர் சொன்னதை மேனேஜர்கிட்டயே சொன்னேன். அவரு அசரவே இல்ல: "டாக்டர் சொன்னதை டாக்டர் பார்த்துக்குவாரு தம்பி, நீங்க சனிக்கிழமை வந்துருங்க."

கோட்டுக்கு ரெண்டு எட்டு

முட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடினேன். ஆட்டம் முடியிற நேரம், ஜெயிக்க இன்னும் ரெண்டு எட்டுதான். பந்து எனக்குன்னாரு கோச். முட்டி விண்ணுவிண்ணுனு தெறிக்குது. "அந்தோணிகிட்ட குடுங்க, நான் பந்து வச்சிருக்கிற மாதிரி சும்மா ஓடுறேன்"னு கெஞ்சினேன். அவரும் சரின்னுட்டாரு.

வெறும் கக்கத்தை இடுக்கிக்கிட்டு ஓடினேன். எல்லாரும் ஏமாந்து நிப்பானுங்கன்னு நினைச்சேன். ஏமாந்தானுங்க, ஆனா நிக்கல. மொத்தப் பேரும் என்மேல விழுந்தானுங்க. முட்டிக்குள்ள என்னமோ அறுந்துச்சு. இனி ஓட்டம் இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. வலியைவிட அதுக்குத்தான் அழுகை வந்துச்சு. அந்தப் பக்கம் கோட்டைத் தாண்டின அந்தோணி, என் காலைக் கவனிக்காம, பந்தைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிச்சுக்கிட்டே ஓடிவந்தான்: "மாப்ள, உன் வேலை இம்புட்டு லேசா? ஒருத்தன்கூட என்னையத் தொடலடா!"

ஓடியே சம்பாதிச்சவன் நான், இன்னைக்குக் கடலாடி பஸ் கண்ணு முன்னால கிளம்பினாலும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்.