முருகன் படத்துக்குப் பின்னால்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். ஜொகூரில் வேப் என்னும் மின்-சிகரெட் விற்கத் தடை என்று தெரிந்தும் விற்றேன். சோதனைக்கு வந்தால் சிக்கக்கூடாது என்று, அதில் ஊற்றும் பழவாசனைத் திரவப் புட்டிகளைக் கடையின் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

"சாமிகிட்டயா வைக்கிறீங்க? வேணாங்க," என்றாள் மனைவி.

"அங்க எவனும் கை வைக்கமாட்டான் லா."

ஒருநாள் அமலாக்க அதிகாரி வந்தார், மலாய்க்கார முஸ்லிம். கடை முழுவதும் தேடிவிட்டுக் கடைசியில் சாமி மேடைக்கு முன்னால் நின்றார். ஏதோ ஒரு புட்டி ஒழுகியிருக்க வேண்டும். அன்னாசி வாசம் கமகமத்தது. மேடையிலோ ஒரு பழம்கூட இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது உங்க சாமி இடம், நான் தொடமாட்டேன்," என்றார் மலாயில், மெதுவாக. "நீங்களே பாருங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னா போயிடறேன்."

ஒரே ஒரு பொய் போதும். வாய் வரவில்லை. படத்தை நகர்த்திப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைத்தேன்.

அபராதம் கட்டினேன், அது மறந்துவிட்டது. இன்றும் விளக்கேற்றும்போது, என் முருகனுக்கு முன்னால் கை கட்டி நின்ற அந்த மனிதர்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறார்.