அண்ணையின் கட்டிலுக்கு மேலே போன குழாய்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த 'ற' வரும் என்பது எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

ரூஜ் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், ஒரு அண்ணை ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தார். உறவில்லை. பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர். எனக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொல்வார். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. வங்கிக்குப் போனாலும் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் பழுதாகி நின்றுவிட்டது. மூன்று இடத்தில் விலை கேட்டோம். வந்த தாள்களை அண்ணைதான் வாசித்தார். இனி காஸ் குறைவாக எரிக்கும் ஹை எபிசியன்சி பேர்னஸ்தான் போட வேண்டும், பொருத்தும் கூலியோடு ஆறாயிரம் டொலருக்குக் கிட்ட வரும் என்றார். அது பழையதைப் போலச் சிமினியால் புகை விடாது, பிளாஸ்டிக் குழாய் வைத்துச் சுவரைத் துளைத்துத்தான் வெளியே விடும் என்பதையும் அவரே எனக்கு விளங்கப்படுத்தினார்.

பொருத்த வந்தவர் எங்கள் ஆள், தமிழர். பேர்னஸுக்கு நேரே இருந்த சுவரில் துளை போட அடையாளம் வைத்தார். மேலே நின்ற மனைவி இறங்கி வந்து மறித்தாள். அது வீட்டின் ஈசான மூலை. அதற்கு நேர் மேலேதான் எங்கள் சாமி அறை. அந்த மூலையால் புகை போகக் கூடாது என்றாள்.

"சாமியும் மூண்டு நாளாக் குளிரிலதானே அக்கா இருக்கிறார்" என்றார் வந்தவர். அவள் சிரிக்கவில்லை.

வேறு இரண்டு வழி இருந்தது. உடுப்புத் தோய்க்கும் அறையைச் சுற்றிப் பின்சுவருக்குக் கொண்டுபோனால் மேலும் அறுநூறு டொலர். அண்ணையின் அறைக் கூரையால் நேராகக் கொண்டுபோனால் கூடுதல் காசு இல்லை. அண்ணை அப்போது வேலையில் இருந்தார்.

"கீழ இருக்கிறவரைக் கேட்டனீங்களோ?" என்று வந்தவர் என்னிடம் கேட்டார்.

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்" என்றேன்.

அண்ணை பின்னேரம் வந்தபோது அவருடைய கட்டிலுக்கு மேலே இரண்டு வெள்ளைக் குழாய்களை மறைத்து ஒரு பலகைப் பெட்டி தொங்கியது. சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தார். "இனி விடிய எழும்பேக்க தலை குனிஞ்சுதான் எழும்ப வேணும். பக்தி கூடும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இடைஞ்சலா என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

பேர்னஸ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் காற்று இரைந்தது. விடிய நாலு மணிக்கு வேலைக்கு எழும்புகிற மனிதர் அவர். சில கிழமைக்குப் பிறகு அவருடைய தலையணை கீழே அடுப்படிப் பக்கத்துச் சோபாவில் கிடந்ததைக் கண்டேன். கண்டும் காணாதவன் போல மேலே ஏறி வந்தேன். அந்த மாரிக் குளிர் முழுவதும் அவர் சோபாவில்தான் படுத்தார். எங்கள் காஸ் பில் குறைந்தது. அதையும் அவர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார்.

பனி கரைந்த பிறகு, மார்க்கம் நகரில் இருக்கும் தமக்கையின் மகன் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்றார். குழாயை மாற்றுகிறேன், போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய பெட்டிகளை நானே காரில் ஏற்றினேன்.

அறையை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. மனைவியும் வற்புறுத்தவில்லை. போன மாதம் அதே ஆளைக் கூப்பிட்டுக் குழாயைப் பின்சுவருக்கு மாற்றினேன். இம்முறை ஆயிரத்துக்கு மேல் போயிற்று. கூரையைப் பூசி வெள்ளையும் அடித்தபின் அண்ணைக்குப் போன் எடுத்தேன். முதலில் பனியைப் பற்றிக் கதைத்தேன். பிறகு ஒருவாறு சொல்லிவிட்டேன். குழாய் இப்போது அங்கே இல்லை, அறை அப்படியே இருக்கிறது என்று.



"ஏன் தம்பி வீணாச் செலவழிச்சனீர்? நான் இஞ்ச பழகியிட்டன்" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு நீர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என்ர அறையால விடுங்கோ எண்டு நானே சொல்லியிருப்பன்."

சரி அண்ணை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று அவரிடம் சொல்ல முடியாததைப் பல நாள் எழுதத் தொடங்கி விட்டுவிட்டு, இன்றுதான் எழுதி முடித்தேன்.

2026 தை 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.