இருபத்தெட்டு கிரெடிட்டும் ஒன்பது சுவாதியும்

கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலில் மாதாமாதம் சுவாதி நட்சத்திரத்தன்று கூடுகிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இங்கே நோய் தீர்ந்தவர்கள் பேசியிருக்கிறார்கள். விபத்தில் பிழைத்தவர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. என்னைப் படுத்தியெடுத்தது கிரெடிட். சிரிக்காதீர்கள். சட்டம் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் சிரிப்பு வராது.

நான் இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்த் திருநெல்வேலியில் ஐந்து வருஷச் சட்டப்படிப்பு படிக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் அது ஒரு கிரெடிட். ஒரு செமஸ்டருக்கு இருபது. ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருக்கிறது. அதை எழுதிய புண்ணியவான் ஒரு நாளும் பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

இரண்டாம் வருஷம் டெங்குவில் படுத்ததால் இரண்டு தாள்கள் எழுத முடியவில்லை. எட்டு கிரெடிட் பாக்கி. அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "அஞ்சு வருசந்தான். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிருவேன்." அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு வருஷம் தவறினால் என் படிப்பு அத்தோடு நின்றுவிடும். அதனால் நாலாம் வருஷத் தொடக்கத்தில், இருபதோடு அந்த எட்டையும் சேர்த்துப் பதிவு செய்தேன். முதல்வரிடம் மனுக் கொடுத்து, நாலு நாள் நடையாய் நடந்து, சிறப்பு அனுமதி வாங்கினேன். என் தலையில் யாரும் கட்டவில்லை. நானே தூக்கி வைத்துக்கொண்டேன்.

இருபத்தெட்டு மணி நேரம் வகுப்பு. வீட்டில் படிக்க ஐம்பத்தாறு. பஸ் தனி. மாதிரி நீதிமன்றப் போட்டி தனி. குற்றால சீசன் வேறு. தென்காசி பஸ்ஸில் டூரிஸ்ட் கூட்டம் ஏறிவிட்டால் நிற்கவே இடம் இருக்காது, இதில் எங்கே புத்தகம் விரிப்பது. இவ்வளவும் போதாதென்று, பழைய தாள்களை ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அந்த வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் என் வகுப்பும் நடக்கும். ஒரே ஆள் எப்படி இரண்டு அறையில் உட்காருவது? கேட்டால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்கள். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று ஓடினேன். இரண்டு இடத்திலும் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது.

இதில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. எல்லாத் தாளும் பாஸாக வேண்டும் என்று அம்மாவும் நானும் கோடை லீவிலிருந்தே ஒன்பது சுவாதி வேண்டிக்கொண்டோம். காலையிலேயே வந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கி, மாலைப் பூஜை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த செமஸ்டரில் ஐப்பசிக்குள்ளேயே மூன்று சுவாதி வகுப்பு நாளில் வந்தது. பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த வேண்டுதலுக்காகவே மூன்று நாள் வகுப்புக்கு மட்டம் போட்டேன். இப்படி ஒரு புத்திசாலித்தனம் நம் ஊர்ப் பிள்ளைக்குத்தான் வரும்.

ஐப்பசியில் வருகைப் பட்டியலை ஒட்டினார்கள். பதிவு செய்த எல்லாத் தாளையும் சேர்த்து எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். என் பெயருக்கு நேரே அறுபத்தெட்டு. வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். அப்பா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் மாலை கோயிலுக்கு வந்தேன். கும்பிட வரவில்லை, சண்டை போட வந்தேன். கூட்டம் இல்லை. சந்நிதிக்கு நேரே நின்று, "உம்மப் பாக்க வந்துதான எனக்கு இந்தக் கதி. இனிமே என்னால முடியாது சாமி. எத விடணும்னாவது சொல்லும்" என்று வாய்விட்டே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்ததைவிட எரிச்சலோடுதான் திரும்பிப் போனேன்.

எட்டாவது சுவாதி ஒரு புதன்கிழமை வந்தது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்தேர்வு. கல்லூரிக்குப் போகிறேன் என்றதும் அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஏழு முடிச்சிட்டு எட்டாவதுல விடுதியே. சாமி கண்ணக் குத்தாதா?"

"பரீட்சைக்குப் போகலன்னா காலேஜுல குத்துவாங்க. வழிய விடும்மா."

வீம்பாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் ஒரு வரி படிக்கவில்லை. வேண்டுதலை முறித்துவிட்டோமே, இனி என்னென்ன வரப்போகிறதோ என்று பயம்.

தேர்வு முடிந்ததும் வருகைக் குறைவுக்கு மன்னிப்புக் கேட்கும் மனுவோடு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளர் வாசுதேவநல்லூர்க்காரர். மனுவை வாங்கிப் படித்துவிட்டு மேஜையில் போட்டார். "எம்மா, இது நடக்காது. மருத்துவச் சான்று இல்லாம கையெழுத்துப் போட மாட்டாங்க." அவர் என் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "இந்தப் பழைய ரெண்டு தாள எதுக்குப் போட்டுச் சொமக்க? விட்டுரு" என்றார்.

சந்நிதியில் நான் கேட்ட கேள்விக்கு அல்லவா இது பதில். இந்த மனிதருக்கு அந்தக் கேள்வி எப்படித் தெரியும்?

கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். இரண்டு தாளையும் வாபஸ் வாங்கினால் அந்த வகுப்பு மணிகள் கணக்கிலேயே வராது. என் சொந்தத் தாள்களில் மட்டும் எழுபத்தைந்தே முக்கால். இன்னும் ஒரு நாள் மட்டம் போட்டிருந்தால் அதுவும் இல்லை. "ஒண்ண லீவுல நடக்க வகுப்புல எடு, இன்னொண்ண அடுத்த வருசம் எடு. அஞ்சு வருசத்துக்குள்ள முடிஞ்சிரும். ஆனா வாபஸ் வாங்க இன்னைக்குத்தான் கடைசி நாளு. நாலு மணிக்கு லிஸ்ட அனுப்பிருவேன்."

"இத மொதல்லயே யாரும் சொல்லலியே சார்."

"கூடப் போட்டுத் தாங்கன்னு நீதான வந்து நின்ன. கொறைக்கணும்னு எப்பக் கேட்ட?"

மணி மூன்றரை. வாபஸ் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்படியே தூங்கிவிட்டேன். பாவூர்சத்திரம் போனதே தெரியவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பும்போது தென்காசி வந்திருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கோயிலில் இருந்தாள். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. "சரிட்டி, பதனமா வா" என்று மட்டும் சொன்னாள். நான் வீட்டுக்கு வராமல் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். மாற்றுத்துணிகூட இல்லை. உடுத்திய சுடிதாரோடு மெயின் அருவியில் போய் நின்றேன். தலையில் தண்ணீர் மொத்த மொத்த, எத்தனையோ நாள் அழுகையை அங்கே அழுது தீர்த்தேன். நனைந்த துணியோடுதான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த செமஸ்டரில் எல்லாத் தாளும் பாஸ். ஒரு பழைய தாளைக் கோடை லீவில் முடித்தேன். இன்னொன்றை இப்போது ஐந்தாம் வருஷத்தில் படிக்கிறேன். வகுப்பு மோதாமல் அட்டவணையை முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்தேன். அப்பா மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சுவாதி நாளில் வகுப்பை முடித்துவிட்டு மாலைப் பூஜைக்கு மட்டும் வருகிறேன்.

அம்மாவுக்குத்தான் இன்னும் மனக்குறை. விட்டுப்போன எட்டாவது சுவாதிக்கு ஈடாக இரண்டு சுவாதி சேர்த்து வரச் சொல்கிறாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களே, அவர்கள் முடியவில்லை என்று சொன்னால் சொல்ல விடுங்கள். இந்தச் சாமியிடமும் கோபமாகவே சொல்லட்டும், அவர் தாங்கிக்கொள்வார். கோயிலுக்கு ஒரு நாள் வர முடியாமல் போனால் பயப்படாதீர்கள், நம்புங்கள். ஏழு சுவாதி நான் அவரைத் தேடி வந்தேன். எட்டாவது சுவாதிக்கு அவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார்.